அடைப்புக்குறி நகர்வது வேறு, ஆள் இடம் மாறுவது வேறு

தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம் சேர்ப்புப் பண்பு என்றால் என்ன என்று கேட்டால், "எப்படி மாத்திப் போட்டாலும் விடை ஒண்ணுதான் சார்" என்பார்கள். பரிமாற்றுப் பண்புக்கும் அதே பதில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூட்டல், பெருக்கல் இரண்டிலும் இரண்டு பண்பும் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். ∗ என்பது கூட்டல், பெருக்கல் போல இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கும் ஏதோ ஒரு செயல்.

பரிமாற்றுப் பண்பு: அ∗ஆ = ஆ∗அ
சேர்ப்புப் பண்பு: (அ∗ஆ)∗இ = அ∗(ஆ∗இ)

இரண்டாவது வரியில் யாரும் இடம் மாறவில்லை, அடைப்புக்குறிதான் நகர்ந்திருக்கிறது.

அடுத்து, காசிமேட்டுக்குப் போவோம். வஞ்சிரத்துக்கு மீன்கார அக்கா 800 என்கிறார், நீங்கள் 400 என்கிறீர்கள், நடுவாக 600க்கு முடிகிறது. இதுதான் நம் ∗: கூட்டி இரண்டால் வகுப்பது. யார் முதலில் வாயைத் திறந்தாலும் 600தான். ஆக, பரிமாற்றுப் பண்பு உண்டு. இப்போது கூட வந்த மாமா 200 என்கிறார். (மாமாக்கள் அப்படித்தான்.)

(800∗400)∗200 = 600∗200 = 400
800∗(400∗200) = 800∗300 = 550

நீங்களும் மாமாவும் முதலில் உங்களுக்குள் பேசி 300 என்று வைத்துக்கொண்டு அக்காவிடம் போனதற்கு 150 ரூபாய் தண்டம். சேர்ப்புப் பண்பு இல்லை.

இதற்கு நேர் எதிரானது வேண்டுமா? ஒரு சதுரக் காகிதத்தின் மேல் இடது மூலையில் 'க' எழுதுங்கள், அதே மூலையின் பின்பக்கத்திலும் எழுதுங்கள். கடிகார முள் போகும் பக்கமாகக் கால் சுற்று சுற்றி, அப்புறம் புத்தகத் தாளைப் போல இடவலமாகப் புரட்டுங்கள். 'க' மறுபடி மேல் இடதில் நிற்கும். முதலில் புரட்டி அப்புறம் சுற்றினால் கீழ் வலதுக்குப் போய்விடும். பரிமாற்றுப் பண்பு காலி. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் மூன்று அசைவுகளில் அடுத்தடுத்த எந்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக எண்ணினாலும் காகிதம் போய் நிற்கும் நிலை ஒன்றுதான். சேர்ப்புப் பண்பு பத்திரமாக இருக்கிறது. கணிதத்தில் குலம் (group) என்று ஓர் அமைப்பு உண்டு, அதற்கு இந்தப் பண்பு கட்டாயம். பரிமாற்றுப் பண்பும் சேர்ந்தால் அது எபீலியன் குலம்.

1843இல் டப்ளினில் கால்வாய் ஓரம் நடந்துபோன கணித அறிஞர் ஹாமில்டனுக்குப் பரிமாற்றுப் பண்பு இல்லாத குவாட்டர்னியன் (நான்கு பகுதிகள் கொண்ட ஒருவகை எண்) பெருக்கல் தோன்றியது. நம் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் நடந்தால் மூக்கைப் பொத்தத்தான் தோன்றும்.

சரி, வீட்டுப்பாடம். அ∗ஆ = அ, அதாவது முதலில் சொன்னவர் விலையே விலை. எந்தப் பண்பு இருக்கிறது, எது இல்லை? காசிமேட்டில் அப்படியும் ஓர் அக்கா உண்டு.