கம்பெனி எலக்ட்ரீஷியன், சொந்த வேலை எலக்ட்ரீஷியன்: ஷூ முதல் பி.எஃப். வரை கணக்குப் போடும் முறை

மாதச் சம்பளம் 20,000 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 769. "வெளியே போனா ஆயிரம் கேக்கலாமே" என்று கம்பெனியை விட்டு வரும் எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் போடும் கணக்கு இதுதான். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), வாங்கித் தரும் ஷூ, யூனிஃபார்ம், லீவு நாள் கூலி இதெல்லாம் அதில் வராது. அவற்றையும் ரூபாயாக்கிப் பார்த்தால், தமிழ்நாட்டில் இதே ஆள் சொந்த வேலையில் நாளுக்கு ஏறக்குறைய 1,500 வாங்கினால்தான் பழைய நிலைக்குச் சமம். அந்த எண் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சம்பளச் சீட்டில் தெரியாத பணம்

முதல் கேள்வி: உங்கள் கம்பெனியில் எத்தனை பேர்? பி.எஃப்., போனஸ் இரண்டும் 20 பேர் இருக்கும் நிறுவனத்துக்கு. இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி (வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடை) இரண்டும் 10 பேர் இருந்தாலே வரும். ஐந்தாறு பேரை வைத்து ஓட்டும் கடையில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவருக்கு இதில் எதுவுமே கிடைக்காமல் போகலாம். பெயருக்குத்தான் அவர் சம்பளக்காரர். இந்தக் கணக்கைப் பொறுத்தவரை சொந்த வேலைக்காரர் மாதிரிதான்.

பெரிய கம்பெனி, சம்பளம் 20,000, அதில் பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கிடும் அடிப்படைத் தொகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், மாதம் 650, வருடத்துக்கு 7,800. கிராஜுவிட்டி ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 15,000 × 15 ÷ 26, சுமார் 8,650. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதை 7,000 ரூபாய் அடிப்படையில் போட்டாலே வருடத்துக்குச் சுமார் 7,000. உடுப்பு, ஷூ, கையுறைக்கு 8,700 (கீழே விவரம் வருகிறது). எல்லாம் சேர்த்து 53,750. ஆக, 2,40,000 சம்பளம் என்பது உண்மையில் 2,93,750.

இப்போது வேலை நாட்கள். 365-ல் 52 ஞாயிறு போனால் 313. கம்பெனியில் சம்பளத்தோடு கிடைக்கும் 9 தேசிய, பண்டிகை விடுமுறையும் 12 நாள் லீவும் போனால் 292. சொந்த வேலையில் இதற்கு மேலும் நாள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை, எஸ்டிமேட் பார்க்கப் போய்வந்த நாள், பாக்கி வசூலுக்கு அலைந்த நாள், சரக்கு வராமல் உட்கார்ந்த நாள் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் மிஞ்சுவது சுமார் 240. 2,93,750-ஐ 240-ஆல் வகுத்தால் 1,224. பெட்ரோல், டூல்ஸ், போன் செலவு வருடத்துக்கு 60,000 என்றால் நாளுக்கு இன்னும் 250. மொத்தம் 1,474.

உங்கள் ஊர், உங்கள் செலவுக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். 240 என்ற எண்ணை மட்டும் ஆசைப்பட்டு 300 ஆக்காதீர்கள். கணக்கு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

பணமாக மாற்ற முடியாத ஒன்றும் உண்டு. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலையில் அடிபட்டால் ஓய்வில் இருக்கும் காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் விட்டுப்போகும். நிரந்தர வேலையில் இருப்பவர் கிராஜுவிட்டி வாங்க 5 வருடம் ஆக வேண்டும். நான்கரை வருடத்தில் விடலாம் என்று நினைப்பவர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மேலே சொன்ன சம்பளத்துக்கு 43,000-க்கு மேல் கைக்கு வரும்.

ஷூவுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பாதுகாப்புக்காகச் செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாம் இதில் அடக்கம். லோகோ போட்ட டி-ஷர்ட் வேறு விஷயம். அது பாதுகாப்புப் பொருள் இல்லை, வேலையில் சேரும்போது என்ன பேசினீர்களோ அதுதான். அதனால் வேலைக்குச் சேரும்போதே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வருடத்துக்கு எத்தனை செட், ஷூ எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, பாதியில் கிழிந்தால் மாற்றித் தருவார்களா. நியமனக் கடிதம் தருவதும் இப்போது கட்டாயம். பிடித்தம் நடந்தால் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பல கம்பெனிகள் வருடத்துக்கு இரண்டு செட்தான் கொடுக்கும். ஆறு நாள் வேலைக்கு இரண்டு செட் போதாது. வியர்வையில் ஊறி, தினமும் துவைத்து, எட்டு மாதத்தில் காலர் கிழிந்துவிடும். மூன்று செட்டாகக் கேளுங்கள்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கு

வருடத்துக்கு 8,700 என்பது மூன்று செட் உடுப்பு 4,200, இரண்டு ஜோடி ஷூ 3,000, கையுறை, ஹெல்மெட் போன்றவை 1,500.

துணி. எலக்ட்ரீஷியனும் வெல்டரும் முழு காட்டன் மட்டுமே போட வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி மலிவு, சுருங்காது, சீக்கிரம் காயும்; ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பொறி அடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைக்கு 180 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பேன்ட்டுக்கு 240 ஜி.எஸ்.எம். காட்டன் டிரில் நம் வெயிலுக்குப் பொருந்தும். 58 அங்குல அகலத் துணி பேன்ட்டுக்கு 1.3 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.75 மீட்டர் என்று வாங்குங்கள். காட்டன் டிரில் முதல் துவைப்பில் சுருங்கும். தைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பேன்ட் இரண்டே மாதத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது.

வேலைக்காரர் பேன்ட் முதலில் கிழிவது கவட்டையில், குந்தி உட்காரும்போது. நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்திப்பதுதான் காரணம். அங்கே ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் இழுவை பிரிந்துபோகும். டெய்லர் கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்பார், கொடுத்துவிடுங்கள். பாக்கெட் மூலைகளில் பார்டாக் தையல் (பிரியாமல் இருக்க நெருக்கமாகப் போடும் தையல்), பிளம்பருக்கும் டைல்ஸ்காரருக்கும் முட்டியில் இரட்டைத் துணி. வெல்டர் பேன்ட்டின் கீழ்மடிப்பை வெளியே மடிக்கக் கூடாது. பொறி அதில்தான் விழுந்து தங்கும். பேன்ட் ஷூவுக்கு மேலே விழ வேண்டும், ஷூவுக்குள் செருகக் கூடாது.

ஷூ. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதில் பகுதி 2 என்றால் முன்மூடி 200 ஜூல் அடியைத் தாங்கும். பகுதி 3 என்றால் 100 ஜூல்தான். கடையில் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், விலை மட்டும் வேறு. கட்டட வேலைக்கு ஆணி குத்தாத நடுத்தகடு வேண்டும், அதற்கு எஸ்3 என்ற குறி. எலக்ட்ரீஷியனுக்கு இரும்பு முன்மூடி வேண்டாம், உலோகம் இல்லாத கம்போசிட் வாங்குங்கள்.

ஆஃபர் விலையில் பழைய ஸ்டாக் ஷூ வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் ஏமாற்றம். பி.யூ. (பாலியூரித்தேன்) அடிப்பாகம் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தில் வேதிமாற்றம் அடையும். மூன்று நான்கு வருடம் கிடந்த ஷூவைப் போட்டு ஒரு வாரம் நடந்தால் குதிகால் மாவாக உதிரும். நாக்குப் பகுதியின் உள்ளே தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழையதை எடுக்காதீர்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால், உள்ளே வியர்வை காய்வதால், ஒன்று தேய்ந்த பிறகு அடுத்ததைப் போடுவதைவிட இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும்.

ஹெல்மெட். ஐ.எஸ். 2925. விளிம்புக்கு அடியில் கடிகாரம் போன்ற வட்டத்தில் அம்புக்குறி தயாரிப்பு மாதத்தைக் காட்டும். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்து, இரண்டு பக்கமும் அழுத்தும்போது நொறுநொறுவென்று சத்தம் வந்தால் தூக்கிப் போடுங்கள். பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதாதீர்கள், தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

ரப்பர் கையுறை. கடையில் கிடைக்கும் சிவப்பு, கறுப்புக் கையுறை எல்லாம் மின்சாரத்துக்கு ஆகாது. ஐ.எஸ். 4770 எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போடும் முன், மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்து அழுத்திப் பாருங்கள். ஊசித் துளை இருந்தாலும் காற்று கசிவது தோலுக்குத் தெரியும். எண்ணெய், கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பும். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும். கையுறை இருக்கிறது என்று லைனில் கை வைக்காதீர்கள். மெயின் ஆஃப் செய்து, டெஸ்டரில் பார்த்துவிட்டுத்தான்.

உயர வேலை பெல்ட். ஐ.எஸ். 3521 முழு உடல் ஹார்னஸ். இடுப்பு பெல்ட் மட்டும் கட்டி விழுந்தால் முதுகெலும்பு போகும். ஷாக் அப்சார்பர் உள்ள கயிறு முழுதாக நீண்டு நிற்க, கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே ஆறு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். முதல் மாடி பால்கனி உயரத்தில் அந்தக் கயிறு நீளும் முன்பே தரை வந்துவிடும். அங்கே சாரம் கட்டுவதுதான் வழி. ஒருமுறை விழுந்து இழுபட்ட பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

விட்டுப்போன சலுகைகளை ஈடுகட்ட

முதலில் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம். கொத்தனார் மட்டுமல்ல, கட்டட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், பெயிண்டர், தச்சர் எல்லோரும் சேரலாம். 18 முதல் 60 வயது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், தொழில் சான்று வேண்டும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு உதவிகளும் 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. புதுப்பிக்காமல் விட்டுவிடுவதால்தான் பலருடைய மனு நிராகரிக்கப்படுகிறது. காலாவதி தேதியை போனில் அலாரமாக வையுங்கள்.

வங்கியில் இரண்டு காப்பீடு: விபத்துக்கு வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம், ஆயுளுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் 500 ரூபாய் இருக்கட்டும். இல்லையென்றால் பிரீமியம் பிடிபடாது, காப்பீடும் நின்றுவிடும். விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கை முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தால் இதில் ஒரு பைசா வராது. இ.எஸ்.ஐ. கொடுத்த 90 சதவீதத்துக்கு மாற்று வேண்டுமானால், வாராந்திர வருமான இழப்பீடு உள்ள தனிநபர் விபத்துப் பாலிசியைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை இரண்டு மாதச் செலவுப் பணமாவது தனிக் கணக்கில் இருக்கட்டும்.

பில் போடும்போது

பெரிய சைட்டுக்குள் சொந்த ஒப்பந்தத்தில் போனால் கேட்டிலேயே ஷூ, ஹெல்மெட், ஹார்னஸ் கேட்பார்கள். உங்கள் ஹெல்ப்பருக்கும் சேர்த்து. ஹெல்ப்பருக்கு நீங்கள்தான் முதலாளி, அந்தச் செலவு உங்களுடையது. கொட்டேஷனில் "பாதுகாப்புச் சாதனம்" என்று தனி வரி போடுங்கள். மொத்தத் தொகைக்குள் மறைத்து வைத்தால் பேரம் பேசும்போது முதலில் போவது அதுதான்.

கம்பெனிகள் ஒரே பில் 30,000-க்கு மேல் போனாலோ, வருட மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். வரவில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறையில் ரிட்டர்ன் போடுகிறவர் ஷூ, உடுப்புச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது, அது அந்தச் சதவீதத்திலேயே அடங்கிவிட்டது. இருந்தாலும் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். ஆறு மாதத்தில் ஷூ பிய்ந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது பில்தான்.