ரசம் மடியில் ஓடாமல் பந்தி மேசை போடுவது எப்படி

ஏற்காட்டில் அக்கா பையனுக்குக் காது குத்து. மண்டபம் எல்லாம் எதற்கு, வீட்டு வாசலிலேயே பந்தி போட்டுக்கொள்ளலாம் என்று சேலத்தில் மேசைகளை வாடகைக்கு எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டு இரும்பு ஸ்டாண்ட், மேலே ஒரு 6 அடிப் பலகை, அவ்வளவுதான் மேசை. முதல் பந்தியிலேயே ரசம் இலையை விட்டு இறங்கி மாமா வேட்டிக்குப் போய்விட்டது.

மலை வாசல், சரிவு இருக்கத்தான் செய்யும். நாங்கள் பள்ளத்துப் பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல்லைச் சொருகினோம், அது ஈர மண்ணில் ஒருபக்கமாக அமுங்கிவிட்டது. மேட்டுப் பக்கம் மண்ணைச் சுரண்டிக் காலை இறக்கியிருக்க வேண்டும். அதைவிட, மேசையின் நீளம் சரிவோடு இறங்காமல் குறுக்கே வருகிற மாதிரி போட்டிருந்தால் வேலையே பாதி குறைந்திருக்கும், ஏனென்றால் 6 அடிக்குச் சரிக்கட்ட வேண்டிய உயரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கால்வாசிதான் வேண்டும். ஆட்கள் உட்காருவதற்கு முன் ஒரு இலையைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதுவே காட்டிவிடும்.

அடுத்த தவறு சமதரையிலும் நடப்பது. ஸ்டாண்டைப் பலகையின் இரண்டு நுனியிலும் கொண்டுபோய் வைத்தால் நடுவில் தொய்யும். ரொம்ப உள்ளே தள்ளினால், ஓரத்தில் ஒருவர் கை ஊன்றி எழும்போது மறுபக்கம் இலையோடு தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரு அடி, ஒண்ணேகால் அடி விட்டு வையுங்கள். சாம்பார் அண்டா, 20 லிட்டர் தண்ணீர் கேன் மாதிரி கனமானவற்றை நடுவில் வைக்காமல் நேராக ஸ்டாண்டுக்கு மேலேயே வையுங்கள்.

டைல்ஸ் தரை என்றால் காலுக்குக் கால் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், இல்லாவிட்டால் கால் விரிந்துகொண்டே போகும். 6 அடிக்கு மூன்று பேர்தான், நாலாவது ஆளை நுழைத்தால் பரிமாறுகிறவர் திட்டுவார்.

சொந்தமாகச் செய்கிறீர்களா? 18 எம்எம் பிளைவுட்டே போதும், மேலே தெரியும் மர ரேகை நீளவாக்கில் ஓடும்படி அறுக்கச் சொல்லுங்கள், குறுக்கே ஓடினால் சீக்கிரம் வளையும். அறுத்த விளிம்புக்குக் கட்டாயம் பெயின்ட் அடியுங்கள். ஏற்காட்டுப் பனியில் பிளைவுட் முதலில் விளிம்பில்தான் ஊறி உப்பும். அப்புறம், மழைக்காலம் முழுக்கச் சுவரில் சாய்த்து வைக்காமல் தரையில் ரீப்பர் கட்டை (மெல்லிய மரச் சட்டம்) போட்டுப் படுக்க வையுங்கள்.

வாடகை மேசை என்றால் திருப்பிக் கொடுக்கும்போது சங்கிலிகளையும் எண்ணிக் கொடுங்கள். எங்களுக்கு இரண்டு குறைந்தது.