டெவலப்பர் எவ்வளவு வேண்டும்? வீட்டில் ஃபிலிம் கழுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவத் தொடங்குபவர்கள் டெவலப்பரின் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் மருந்து) அளவுக்குப் பெரும்பாலும் டேங்கின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையே நம்புகிறார்கள். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 290 மி.லி., அதைவிட அகலமான 120 வகைச் சுருள் ஒன்றுக்கு 500 மி.லி. என்றிருக்கும். ஃபிலிமைச் சுற்றிய ரீல் முழுவதும் மூழ்க எவ்வளவு திரவம் தேவை என்பதை மட்டுமே இந்த எண் சொல்கிறது. அந்தத் திரவத்துக்குள் போதிய மருந்து இருக்கிறதா என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் முதல் தவறு, மற்றவற்றில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மருந்தின் தேவையை நிர்ணயிப்பது ஃபிலிமின் பரப்பு. 36 படங்கள் கொண்ட ஒரு 35 மி.மீ. சுருள், ஒரு 120 சுருள், நான்கு 4×5 அங்குலத் தாள்கள் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 80 சதுர அங்குலம் என்பதால், மூன்றுக்கும் மருந்து ஒரே அளவில்தான் செலவாகும். எக்ஸ்டால் டெவலப்பரில் இந்தப் பரப்புக்குக் குறைந்தது 100 மி.லி. மூலக்கரைசல் (தண்ணீர் சேர்த்து நீர்க்காத கரைசல்) வேண்டும் என்பது கோடக்கின் அறிவுரை. 290 மி.லி. டேங்கில் 1+1 கலவை (ஒரு பங்கு மூலக்கரைசல், ஒரு பங்கு தண்ணீர்) 145 மி.லி. தருவதால் சிக்கல் இல்லை. அதே டேங்கில் 1+3 என்று கலந்தால் 72 மி.லி.தான் கிடைக்கும், அது போதாது. கோடக்கின் இன்னொரு டெவலப்பரான டி-76ஐ 1+1 ஆகப் பயன்படுத்தும்போது ஒரு சுருளுக்கு 473 மி.லி. கலவை என்றும், 237 மி.லி. மட்டுமே ஊற்றினால் நேரத்தை ஏறக்குறைய 10 சதவீதம் கூட்டவேண்டும் என்றும் அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. இந்த வரியைப் படிக்காமல் விட்டவர்களின் நெகடிவ்கள்தாம் காரணம் தெரியாமல் சற்றே சோகையாக இருக்கின்றன.

ரோடினால் போன்ற செறிவான திரவங்களில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. 290 மி.லி.யில் 1+50 என்றால் ஏறத்தாழ 5.7 மி.லி. மருந்து; 1+100 என்றால் 3 மி.லி.கூட இல்லை. ஒரு சுருளுக்கு 10 மி.லி. என்பது பழைய பரிந்துரை, 5 மி.லி. போதும் என்பது பலரின் அனுபவம்; அதற்கும் கீழே இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர்த்த கலவைதான் வேண்டுமென்றால், இரண்டு ரீல் கொள்ளும் டேங்கை எடுத்து, ஃபிலிம் சுற்றிய ரீலை அடியிலும் வெற்று ரீலை அதன் மேலும் வைத்து, 600 மி.லி. ஊற்றினால் ஏறத்தாழ 6 மி.லி. மருந்து கிடைத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஒரே ரீலில் இரண்டு 120 சுருள்களை அடுத்தடுத்து ஏற்றி, பழைய 500 மி.லி.யையே ஊற்றுவோரும் உண்டு. ஃபிலிம் நன்றாகவே மூழ்கியிருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பாதி மருந்துதான் மிஞ்சும்.

மருந்து தீர்ந்துபோனதை நெகடிவில் கண்டுகொள்ளலாம். அதிக ஒளி பட்ட இடங்களில் டெவலப்பர் விரைவாகச் செலவாவதால், வானமும் வெள்ளைச் சட்டையும் நெகடிவில் அடர்ந்த கறுப்பாகாமல் சாம்பல் நிறத்தில் தட்டையாக நின்றுவிடும். ஃபிலிமின் ஓரத்தில் உள்ள பெயரையும் எண்களையும் பாருங்கள்: அவை தெளிவாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் கேமராவில் ஒளி போதவில்லை; அவையும் மங்கியிருந்தால் குறை டெவலப்பிங்கில் இருக்கிறது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். 100 மி.லி. அளவுக்குடுவையில் 6 மி.லி.யை அளந்தால் ஒரு கோடு தவறினாலே ஆறில் ஒரு பங்கு பிழையாகிவிடும். ஊசியில்லாத மருத்துவச் சிரிஞ்சே இதற்குச் சரி. பாகுபோன்ற மருந்தென்றால் கலக்கப்போகும் தண்ணீரிலேயே சிரிஞ்சை இரண்டு முறை உறிஞ்சி அலசிவிட வேண்டும். 1+3 என்பது நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒன்றல்ல, 300 மி.லி.க்கு 75 மி.லி. மூலக்கரைசல்.

தூள் பொட்டலத்தில் பாதியை மட்டும் கரைத்து மீதியைச் சேமிப்பது வீண் சிக்கனம். உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாததால், முழுவதையும் கரைத்து, காற்றுப் புகாதபடி சிறு புட்டிகளில் நிரப்பி வைப்பதே முறை. ஐடி-11 என்ற தூள் டெவலப்பரின் நீர்க்காத மூலக்கரைசலை, ஒவ்வொரு சுருளுக்கும் நேரத்தை 10 சதவீதம் கூட்டியபடி, லிட்டருக்குப் பத்துச் சுருள்கள் வரை திரும்பப் பயன்படுத்தலாம். நீர்த்துப் பயன்படுத்திய கலவையை மட்டும் புட்டிக்குத் திருப்பாமல் கொட்டிவிட வேண்டும்.