ஒரு கிண்ணம் சுண்டல் உடம்புக்குள் என்ன ஆகிறது? புரதச் செரிமானம், படிப்படியாக

கடலையில் இருக்கிற புரதம் அப்படியே போய் நம் தசையில் ஒட்டிக்கொள்வதில்லை. மாலையை அறுத்து மணிகளை உதிர்த்து வேறு மாலை கோப்பது மாதிரி, உடம்பு அதை முழுக்கப் பிரித்து, தனக்கு வேண்டியதைப் புதிதாகக் கட்டுகிறது. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். சரி, கொண்டைக்கடலைச் சுண்டலோடு நாமும் உள்ளே போவோம்.

படி 1: அடுப்பு

பச்சைக் கடலையில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. இரவே ஊறவைத்து, இரண்டு விரலால் அழுத்தினால் மசியும் பதத்துக்கு வேகவைத்தால் அது பெருமளவு செயலிழக்கும். சுருண்டு கிடக்கும் புரத இழைகளும் சூட்டில் பிரிந்துகொடுக்கும்.

படி 2: வாய்

எச்சிலில் மாவுச்சத்துக்கு நொதி உண்டு, புரதத்துக்கு இல்லை. நன்றாக மென்றால் போதும்.

படி 3: இரைப்பை

இங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து இழைகளைத் துண்டாக்குகின்றன. பெப்சினை 1836இல் கண்டறிந்தவர் ஜெர்மன் உடலியல் அறிஞர் தியோடர் ஷ்வான். இரைப்பையின் சுவரிலும் புரதம் இருக்கிறதே, அதை ஏன் பெப்சின் விட்டுவைக்கிறது? சுரக்கும்போது அது பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் வருகிறது. அமிலம் பட்ட பிறகே வேலையைத் தொடங்கும். போதாததற்குச் சுவரின் மேல் கெட்டியான சளிப்படலமும் இருக்கிறது.

படி 4: சிறுகுடல்

முக்கால்வாசி வேலை நடப்பது இங்கேதான். கணையநீர் அமிலத்தை முறிக்கிறது. கூடவே வரும் டிரிப்சினோஜனை, குடல் சுவரில் உள்ள இன்னொரு நொதி டிரிப்சினாக மாற்றுகிறது. அது மற்ற நொதிகளையும் எழுப்பிவிட, துண்டுகள் மேலும் மேலும் சிறுக்கின்றன. கடைசியில் ஒற்றை அமினோ அமிலங்களும், இரண்டு மூன்றாகக் கோத்த குட்டித் துண்டுகளும் குடல் செல்லுக்குள் நுழைகின்றன. குட்டித் துண்டுகளில் பெரும்பாலானவை செல்லுக்குள்ளேயே உடைந்துவிடும்.

'ஏற்கெனவே செரிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்கும் புரதப் பொடி, நல்ல குடல் உள்ளவருக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

படி 5: கல்லீரல், அப்புறம் உடம்பு முழுக்க

குடலிலிருந்து ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தசை, தோல், ஹார்மோன், நொதி என்று பங்கு பிரிகிறது. வயதுவந்த ஒருவரின் உடம்பு தன் சொந்தப் புரதத்தையே நாளுக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரை உடைத்துக் கட்டுகிறது. இதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அதில் 9 வகை சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த ஒன்பதில், அரிசியில் லைசின் என்ற வகை குறைவு, கடலையில் மெத்தியோனின் என்ற வகை குறைவு. இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஒரே நாளில் இரண்டும் இருந்தால் போதும்.

படி 6: மிச்சம்

கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேமித்து வைக்க உடம்பில் தனி இடம் கிடையாது. மிஞ்சும் அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனைக் கழற்றி, கல்லீரல் யூரியாவாக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். மீதிப் பகுதி எரிபொருளாகும், இல்லையென்றால் சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும்.

படி 7: உங்கள் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வயதுவந்தோருக்குப் பரிந்துரைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடைக்குச் சுமார் 50 கிராம். 50 கிராம் காய்ந்த கடலையில் கிட்டத்தட்ட 10 கிராம் கிடைக்கும். மீதியை பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாமல், மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.