வேலைக்கு மானிட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள் முழுக்க மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதில் பெரும்பாலும் பார்ப்பது எழுத்தைத்தான். மின்னஞ்சல், எக்செல் கட்டங்கள், நிரல் வரிகள், பிடிஎஃப் பக்கங்கள். ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதோ 1 மில்லிசெகண்ட் (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும் என்ற எண்), எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி). இவையெல்லாம் விளையாட்டுக்கும் படம் பார்ப்பதற்கும் உரிய எண்கள். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும், கழுத்து வலிக்காமல் வேலை பார்க்க முடியுமா, கையில் இருக்கும் லேப்டாப்போடு ஒழுங்காக ஒத்துப்போகுமா என்ற மூன்றையும் வாங்குபவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான் நடக்கின்றன.

இன்ச்சை மட்டும் பார்த்து வாங்குவது

அதிகம் நடக்கும் தவறு இதுதான்: 24 இன்ச் சின்னதாக இருக்கிறதே என்று, அதே 1920×1080 ரெசல்யூஷனில் (அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல், அதாவது படத்தின் புள்ளிகள்) 27 இன்ச் வாங்கிவிடுவது. திரை பெரிதாகும், ஆனால் எக்செல்லில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. இருந்த பிக்சல்களையே இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 24 இன்ச்சில் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல் இருக்கும். 27 இன்ச்சில் அது 82 ஆகக் குறைந்துவிடும். கைநீள தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்தின் ஓரங்களில் படிக்கட்டு தெரிய ஆரம்பிக்கும் அளவு இது.

கணக்கு எளிது. அகலப் பிக்சலின் வர்க்கத்தையும் உயரப் பிக்சலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் இன்ச்சால் வகுத்தால் போதும். 2560×1440 திரைக்கு வர்க்கமூலம் 2937 வரும். 27-ஆல் வகுத்தால் 109. அதே 2560×1440-ஐ 32 இன்ச்சில் வைத்தால் 92-க்கே வந்துவிடும், அதாவது பழைய 24 இன்ச் தெளிவுதான். 4கே (3840×2160) என்றால் 27 இன்ச்சில் 163, 32 இன்ச்சில் 138. எழுத்து வேலைக்கு 90-க்குக் கீழே போகவே வேண்டாம். 109 நன்றாக இருக்கும். 140-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போனால் அச்சடித்த தாளைப் பார்ப்பது போல இருக்கும்.

தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலும் நேர்க்கோடுகள். தமிழில் சுழிகளும் புள்ளிகளும் விசிறிகளும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் மானிட்டரில் ஒரு ஆவணத்தைத் திறந்து, 11 பாயிண்ட் எழுத்தளவில் ‘அண்ணன் எண்ணின் மின்னணுப் பிரதி’ என்று அடித்துப் பாருங்கள். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தனித்தனியாகத் தெரிய வேண்டும். ‘ணி’, ‘ணீ’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, மேலே இருக்கும் கொக்கியைக் கவனியுங்கள். சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அந்தத் திரையில் பிழைதிருத்தம் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. கடையில் ஓடும் பளபளப்பான இயற்கைக் காட்சி வீடியோ இதில் எதையும் காட்டாது.

4கே என்றால் இடம் நான்கு மடங்கு என்று நினைப்பது

1920×1080-ஐவிடப் பிக்சல் நான்கு மடங்குதான். ஆனால் 27 இன்ச் 4கே-யை 100% அளவில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் விண்டோஸில் 150% ஸ்கேலிங் (எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) வைப்பார்கள். அப்போது கிடைக்கும் வேலை இடம் 2560×1440 திரையில் கிடைக்கும் அதே இடம்தான். எழுத்து மட்டும் அதைவிடக் கூர்மையாக இருக்கும். கூர்மைக்காக 4கே வாங்குவது நல்ல முடிவு. நிறைய ஜன்னல்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைக்கத்தான் வேண்டும் என்றால், 32 இன்ச் 4கே-யை 125%-இல் வைப்பதோ இரண்டாவது மானிட்டரோதான் வழி.

அலுவலகத்தில் பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேலிங்கைப் புரிந்துகொள்ளாத பழைய நிரல்கள் 150%-இல் மங்கலாகத் தெரியும். நாள் முழுக்க அந்த ஒரு நிரலில்தான் வேலை என்றால், 100%-இலேயே வசதியாகப் படிக்க முடிகிற 24 இன்ச் 1920×1080 அல்லது 27 இன்ச் 2560×1440 திரையே உங்களுக்குப் பொருத்தம்.

மேக் பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. 2018-இல் வந்த மோஹாவே பதிப்பிலிருந்து, எழுத்தின் ஓரத்தைத் துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறு) அளவில் மெருகேற்றும் முறையை ஆப்பிள் எடுத்துவிட்டது. அதனால் விண்டோஸில் நன்றாகத் தெரியும் 109 பிக்சல் திரை மேக்கில் சற்றுத் தடித்துச் சொரசொரப்பாகத் தெரியும். மேக்குக்கு என்றால் 27 இன்ச்சில் 4கே எடுப்பதே நல்லது.

மேஜையை அளக்காமல் வாங்குவது

27 இன்ச் திரை சுமார் 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். 32 இன்ச் என்றால் 70 செ.மீ. அகலம். மேஜை 60 செ.மீ. ஆழம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் அடிப்பாகமே 20 செ.மீ.க்கு மேல் பிடிக்கும். அதனால் திரை சுவரிலிருந்து முன்னால் தள்ளி நிற்கும். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 50 செ.மீ.கூட மிஞ்சாமல் போகலாம். அந்தத் தூரத்தில் 32 இன்ச் வைத்தால், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டியிருக்கும். 60 செ.மீ. மேஜைக்கு 24 இன்ச் சரி. 27 என்றால் சுவரில் அல்லது மேஜை விளிம்பில் பொருத்தும் ஆர்ம் வைத்துப் பின்னால் தள்ளுவது நல்லது. 32-க்கு 75 செ.மீ. ஆழமாவது வேண்டும்.

34 இன்ச் அல்ட்ராவைடு வாங்குபவர்கள் அது 32-ஐவிட உயரம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அதன் உயரம் சுமார் 33 செ.மீ., அதாவது 27 இன்ச் மானிட்டரின் உயரம்தான். அகலம் மட்டும் 80 செ.மீ. அகலமான எக்செல் தாள்களுக்கும், இரண்டு ஆவணங்களை ஒப்பிடுவதற்கும் அருமை. நீளமான ஆவணங்களையும் நிரல்களையும் படிப்பவருக்கு, நெட்டுக்குத்தாகத் திருப்பக்கூடிய இரண்டாவது 24 இன்ச் அதைவிட உபயோகம்.

ஸ்டாண்டில் மிச்சம் பிடிப்பதும் இதே ரகத் தவறு. மலிவான மானிட்டர்களின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாய மட்டுமே செய்யும், ஏறி இறங்காது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டியதுதான். புரோகிரெஸிவ் கண்ணாடி போடுபவர்கள் திரையை இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஏறி இறங்கும் ஸ்டாண்ட் இல்லாத மாடலைத்தான் வாங்குவீர்கள் என்றால், பின்பக்கம் 100×100 மி.மீ. வேசா துளைகள் (ஆர்ம் மாட்டுவதற்கான திருகுத் துளைகள்) இருக்கின்றனவா என்றாவது பாருங்கள். ஆர்ம் வாங்கும்போது ஸ்டாண்ட் இல்லாத மானிட்டரின் எடையைக் கொண்டு கணக்கிடுங்கள். ஆர்முக்கு அதிகபட்ச எடை மட்டுமல்ல, குறைந்தபட்ச எடையும் உண்டு. அதைவிட லேசான மானிட்டரை மாட்டினால் அது சொன்ன இடத்தில் நிற்காமல் தானாக மேலே ஏறும்.

போர்ட்டையும் கேபிளையும் கடைசிக்கு விடுவது

மானிட்டர் 4கே, லேப்டாப்பும் 4கே தரும் என்று எழுதியிருக்கிறது. மாட்டினால் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது. காரணம் பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய இணைப்புத் தரம். அந்தத் தரத்தில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் மாறும். 60-க்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். லேப்டாப், நடுவில் வரும் அடாப்டர், கேபிள், மானிட்டர் என்று சங்கிலியில் ஏதாவது ஒன்று பழையதாக இருந்தால் மொத்தமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். மலிவான யூஎஸ்பி-சி ஹப்கள் பலவற்றில் பொடி எழுத்தில் ‘4கே 30 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யூஎஸ்பி-சி ஒரே கேபிளில் எல்லாம் முடியும் என்பது உண்மைதான், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, லேப்டாப்பின் அந்தக் குறிப்பிட்ட துளை படத்தை வெளியே அனுப்ப வேண்டும். துளை ஒரே வடிவம் என்பதற்காக எல்லாமே அனுப்பாது. ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ அல்லது தண்டர்போல்ட் என்று லேப்டாப் விவரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, மின்சாரம். லேப்டாப்பின் சார்ஜரில் 90 வாட் என்று போட்டிருக்க, மானிட்டர் 65 வாட் மட்டும் தந்தால், கனமான வேலையின்போது மாட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். சில மானிட்டர்களின் யூஎஸ்பி-சி 15 வாட் மட்டுமே தரும். அதை நம்பி சார்ஜரை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். மூன்றாவது, கேபிள். போனோடு வந்த யூஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கானது. அதில் படம் வராது. மானிட்டரோடு வரும் கேபிளையே பயன்படுத்துங்கள்.

விவரக் குறிப்பில் யாரும் கவனிக்காத ஒன்று: பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வழியில் 4கே 60 ஹெர்ட்ஸ் ஓட, யூஎஸ்பி-சி கேபிளில் இருக்கும் நான்கு அதிவேகப் பாதைகளும் படத்துக்கே போய்விடும். மிச்சம் இருப்பது பழைய யூஎஸ்பி 2.0 வேகம். மானிட்டரின் பின்னால் மாட்டிய ஹார்டு டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடினால் காரணம் இதுவாக இருக்கலாம். லேப்டாப், மானிட்டர் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் இரண்டு பாதையிலேயே படம் போய்விடும்.

இரண்டு மானிட்டர் வாங்கத் திட்டமிடும் மேக்புக் ஏர்காரர்கள் சிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எம்1, எம்2 ஏர் மாடல்கள் வெளியே ஒரு திரையைத்தான் ஏற்கும். எம்3 ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும். மேலும், ஒரு மானிட்டரிலிருந்து இன்னொன்றுக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டு விண்டோஸில் செய்வதுபோல் தொடராக இணைக்கும் வசதி மேக்கில் கிடையாது.

தேவையில்லாத எண்களுக்குக் காசு கொடுப்பது

1 மில்லிசெகண்ட் எழுத்து வேலைக்கு எதுவும் செய்யாது. ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ என்று கோடிக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணை முழுவதுமாக ஒதுக்கிவிடலாம். பார்க்க வேண்டியது சாதாரண கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) மட்டும். எச்டிஆர் 400 தரத்துக்கு, திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்யும் வசதி கட்டாயமில்லை. அதனால் பெயரளவுக்கு எச்டிஆர்தான். அதை விண்டோஸில் போட்டுவிட்டால் சாதாரண ஜன்னல்கள் வெளிறித் தெரிவதுகூட உண்டு. 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் மட்டும் விதிவிலக்கு: நீண்ட பக்கங்களை உருட்டும்போது எழுத்து குறைவாகக் கலங்கும், கண்ணுக்கு இதம். ஆனாலும் பிக்சல் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டு அதை வாங்காதீர்கள்.

பேனலில், அதாவது திரையின் தொழில்நுட்ப வகையில், ஐபிஎஸ் பாதுகாப்பான தேர்வு. கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1 இருந்தாலும் எந்தக் கோணத்திலும் நிறம் பெரிதாக மாறாது. விஏ பேனலில் 3000:1 கிடைக்கும், கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினால் பின்னால் புகைபோல் ஒரு தடம் இழுக்கும் மாடல்கள் உண்டு. டார்க் மோடிலேயே வாழ்பவர்கள் இதைக் கடையில் சோதிக்க வேண்டும். டிஎன் வேண்டாம். ஓஎல்இடி படத்துக்கு அழகு, ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் காலப்போக்கில் தழும்பாகப் பதியும் ஆபத்து உண்டு.

அகன்ற நிறப்பரப்பு புகைப்படம், வீடியோ வேலை செய்பவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அது இணையப் பக்கத்தின் சிவப்பை மிளகாய்ச் சிவப்பாக்கும். அப்படி ஒரு மானிட்டர் கைக்கு வந்துவிட்டால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி (இணையப் பக்கங்களுக்கு உரிய வழக்கமான நிறப்பரப்பு) மோடைத் தேர்ந்தெடுங்கள். சில மாடல்களில் அந்த மோடு வெளிச்சத்தை மாற்ற விடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த அன்றே சோதிக்காமல் விடுவது

முதலில் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் வாங்கிய அளவுக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி அடியுங்கள். வெள்ளை எழுத்து தெளிவாக இருந்து சிவப்பு மட்டும் கசங்கித் தெரிந்தால், எச்டிஎம்ஐ அந்த மானிட்டரை டிவி என்று நினைத்து நிறத் தகவலைச் சுருக்கி அனுப்புகிறது. கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் நிற வடிவத்தை ஆர்ஜிபி, முழு வீச்சு என்று மாற்றினால் சரியாகும்.

வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. விசிறிக் கம்பிகள்போல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் பின்விளக்கு சிமிட்டுகிறது என்று அர்த்தம். மாலையில் தலைவலி வருபவர்கள் அந்த மானிட்டரைத் திருப்பிக் கொடுப்பதே மேல். வழக்கமான வெளிச்சத்தை வைக்க ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையில் தெரியும்வரை குறைத்தால் போதும். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பெரும்பாலும் அதைவிட மிகப் பிரகாசமாகத்தான் வரும்.

கடைசியாக, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களைத் திரை முழுக்க வைத்து, செத்த பிக்சல் இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகத் தேடுங்கள். ஒன்றிரண்டு பழுதான பிக்சலைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாத உத்தரவாத விதிகள் உண்டு. எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை வாங்குமுன் படித்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டி, தெர்மாகோல் அச்சுகள், கேபிள் கட்டிய கயிறு உட்பட எதையும் தூக்கிப் போடாதீர்கள்.