விநோதமான கற்கருவி எதற்குப் பயன்பட்டது? கண்டுபிடிக்கும் முறை

பழைய வட ஆர்க்காட்டுக்குள் இருந்த பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்கால வாழ்விடம் வெளிப்பட்டது. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம் உழுத நிலத்தில் வழவழப்பான கல் தென்பட்டால், உருவத்தைப் பார்த்த உடனே பெயர் வைக்காதீர்கள். தேய்மானத்தைப் பாருங்கள், அதுதான் நம்பகமான சாட்சி.

முதலில், கழுவாதீர்கள். இடுக்கில் ஒட்டிய மண்ணில் அரைத்த தானியத்தின் எச்சம்கூட இருக்கலாம். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, நீளம், அகலம், தடிமன், எடை குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இருட்டறையில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். கூர்வாய் நடுவில் அமைந்து இருபுறமும் சமமாகச் சரிந்தால் கோடரி. ஒருபுறம் தட்டை, மறுபுறம் மட்டும் சரிவு என்றால் மரம் செதுக்கும் வாய்ச்சி. வாய்ச்சியின் வாயில் கீறல்கள் விளிம்புக்குச் செங்குத்தாக ஓடும், கோடரியில் சாய்ந்து ஓடும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: மெருகேற்றத் தேய்த்த கோடுகள் முகம் முழுக்கப் பரவியிருக்கும், வேலையில் விழுந்தவை வாயருகே மட்டும் இருக்கும். ஏர்க்கொழு கீறிய கோடு வெளிறிப் புதிதாகத் தெரியும், சில சமயம் துருவும் ஒட்டியிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடுவில் துளையுள்ள வட்டக்கல்லை அடையாளம் காண்பதுதான் கடினம். இருபுறமும் அகன்று நடுவில் குறுகிய துளை, இரண்டு பக்கமும் கொத்திப் போட்டது. உட்சுவர் சுற்றிலும் பளபளத்து, எடையும் ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் தோண்டுகோலுக்குப் பாரமாகச் செருகியிருக்கலாம். நூறு கிராம் கல் அதற்கு உதவாது. வெளிவிளிம்பு சிதைந்திருந்தால் அடிக்கும் ஆயுதமாக யோசிக்கலாம். துளையின் ஓரத்தில் ஒரே இடம் தேய்ந்திருந்தால் கயிற்றில் தொங்கியது. உள்ளே சொரசொரப்பாக இருந்தால் வேலை முடியாமலே விட்டதாகவும் இருக்கலாம்.

ஒரே கல்லுக்கு இரண்டு வேலையும் உண்டு. கோடரியின் பின்முனையில் மெருகின் மேலேயே சிறுகுழிகள் விழுந்திருந்தால், வாய் மழுங்கிய பிறகு அதைச் சுத்தியலாக்கியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம் மரத்தடியில் கற்கோடரிகளை வைத்துக் கும்பிடுகிறார்கள். எண்ணெயும் குங்குமமும் ஏறிய பளபளப்பைத் தேய்மானமாக எண்ண வேண்டாம், அவற்றை அங்கிருந்து எடுக்கவும் வேண்டாம். வயலில் கிடைத்ததை கிராம நிர்வாக அலுவலரிடமோ வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்திலோ குறிப்புகளோடு காட்டுங்கள்.