அமெரிக்காவில் வீட்டில் துப்பாக்கி: மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

மேலூரில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அழகர்மலை அடிவாரத்தில் நிலம். கடலை போட்டால் காட்டுப்பன்றி விடாது, அதற்காக வாங்கிய லைசென்ஸ். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். நானும் கூடப் போவேன். ஏட்டையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழலில் நம்பரைத் தேடுவதற்குள் பெரியப்பா அதை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். ரசீதை நான்காக மடித்து, வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். தேர்தல் முடிந்ததும் அதைக் காட்டித் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வருவார்.

டெக்சாஸில் வசிக்கும் நான் விடுமுறைக்கு இப்போது அதே வீட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று பிள்ளைகள் டெக்சாஸ் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் என் தங்கை மகன். "மாமா, இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கே, நானும் ஒன்னு வாங்கட்டுமா?" என்று போனில் கேட்டான். அவனுக்குச் சொன்னதை மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் விசாவைப் பாருங்கள். எஃப்-1, எச்-1பி, எச்-4, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. அதோடு, நாட்டை விட்டே அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். சுடும் பயிற்சி மையத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதே சட்டத்துக்குள் வரும். கிரீன் கார்டு கிடைத்தபின் இந்தத் தடை இல்லை.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவும் தற்காலிக விசாவில்தான் வருகிறார்கள். உசிலம்பட்டியில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த அப்பாவாக இருந்தாலும், மகன் வீட்டுத் துப்பாக்கியைக் கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் இப்படி யாராவது தங்கினால், ஒரு அறைத் தோழர் இருந்தால்கூட, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டகமான சேஃபின் சாவியும் திறக்கும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், நம்பர். நான் மிகவும் பட்டுத் தெரிந்துகொண்டது இதைத்தான். கிரீன் கார்டு வந்தபின் சில வருடங்களில் மூன்று துப்பாக்கி வாங்கினேன். ஒரு டிசம்பரில் தல்லாகுளத்தில் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தபோது டெக்சாஸ் வீட்டில் திருட்டு. துணி அலமாரிக்குள் ஒரு சின்ன சேஃபில்தான் மூன்றையும் வைத்திருந்தேன். அதை உடைக்கக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தரை விரிப்பில் சேஃபின் நாலு கால்களும் பதிந்த தடம் மட்டும் இருந்தது. வந்த போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" மூன்றில் ஒன்றுக்குக்கூட எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

நம் ஊரில் உங்கள் துப்பாக்கியை அரசாங்கமே எண்ணிக்கொண்டிருக்கும். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ், அதில் துப்பாக்கியின் நம்பர், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. டெக்சாஸில் துப்பாக்கிக்குப் பதிவு கிடையாது. நாடு முழுக்க ஒரே பதிவேடு வைப்பதை 1986 சட்டம் தடுக்கிறது. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் கடைக்காரரிடமே இருக்கும். அதனால் எண்ணி வைக்கும் வேலை முழுக்க உங்களுடையது.

வாங்கிய அன்றே தயாரிப்பாளர், மாடல், குழல் விட்டம் (கேலிபர்), சீரியல் நம்பர், விலை, கடை, தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். நம்பர் தெளிவாகத் தெரிய ஒரு போட்டோ, ரசீதுக்கு ஒரு போட்டோ. ஏ.டி.எஃப் என்ற மத்திய அமைப்பு இதற்கென்றே ஒரு படிவம் வெளியிட்டிருக்கிறது. சாதாரண நோட்டும் போதும். ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். சேஃபுக்குள் மட்டும் வைத்தால் சேஃபோடு அதுவும் போய்விடும். திருட்டுப் புகாரில் நம்பர் இருந்தால்தான் எஃப்.பி.ஐ நடத்தும் என்.சி.ஐ.சி கணினிப் பதிவில் அது ஏறும். பிறகு எந்த மாநிலத்தில் எந்தப் போலீஸ்காரர் கையில் சிக்கினாலும் திருட்டுத் துப்பாக்கி என்று தெரிந்துவிடும். நம்பர் தெரியாமல் தவிப்பவர்கள் வாங்கிய கடைக்கு ஓடுங்கள். என் மூன்றில் இரண்டுக்கு அப்படித்தான் நம்பர் கிடைத்தது. மூன்றாவதைத் தனியார் ஒருவரிடம் ரொக்கத்துக்கு வாங்கியிருந்தேன். அது போனது போனதுதான்.

சேஃப் விஷயத்தில் எடையை நம்பாதீர்கள். வீடுகளுக்கு விற்கும் துப்பாக்கி சேஃபுகளில் பெரும்பாலானவை ஆர்.எஸ்.சி தரம், அதாவது சாதாரணக் கைக்கருவிகளோடு ஒருவர் முயன்றால் 5 நிமிடம் தாங்க வேண்டும் என்ற சோதனை. கீழே சாய்த்துப் போட்டுக் கடப்பாரையால் நெம்பினால் வேலை இன்னும் சுலபம். சாயாமல் இருக்க வேண்டுமென்றால் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலையில், கடப்பாரையை வீச இடமில்லாமல் வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் துளை போடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். டெக்சாஸ் வீடுகளில் பல, இறுக்கி இழுத்த எஃகுக் கம்பி வடங்கள் உள்ளே ஓடும் கான்கிரீட் தளத்தின் மேல் நிற்கின்றன. துளைக்கும் கருவி அந்த வடத்தில் பட்டு அது அறுந்தால் ஆளுக்கும் ஆபத்து, தளத்துக்கும் சேதம். பல வீடுகளில் கராஜ் தரையில் இதை எச்சரித்து முத்திரை பதித்திருப்பார்கள். குனிந்து தேடிப் பாருங்கள். இருந்தால், வடம் ஓடும் இடத்தைக் கருவி வைத்துக் கண்டறியத் தெரிந்தவரைக் கூப்பிட்டே துளை போடுங்கள். கராஜிலேயே சேஃபை வைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கதவைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தெருவே பார்க்கும். வாடகை வீடென்றால் போல்டுக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்களுக்கு அறை அறையாக வீட்டைச் சுற்றிக் காட்டுவோம். சேஃபையும் திறந்து காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோ வாட்ஸப் குழுவுக்குப் போகும், அடுத்த வாரம் அதே குழுவில் "ஆறு வாரம் மதுரை போகிறோம்" என்று செய்தி வரும். வந்தவர்கள் யாரும் திருடர்கள் இல்லை, ஆனால் பேச்சு எங்கெல்லாமோ போகும். தயவுசெய்து காட்டாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டு இரட்டிப்பு அவசியம். அலட்சியமாக வைத்ததால் தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கையில் சிக்கினால், வைத்தவர் மேல் டெக்சாஸில் குற்றம். காரில் இரவு விட்டுவிட்டு வரவும் கூடாது. கார் கண்ணாடியை உடைப்பது வீட்டை உடைப்பதைவிட எளிது.

வீட்டு இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தரும் என்று நானும் நம்பியிருந்தேன். வழக்கமான பாலிசிகளில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் 2,500 டாலர், அத்தனை துப்பாக்கிகளுக்கும் சேர்த்து. அதற்கு மேல் மதிப்பிருந்தால் ஒவ்வொன்றையும் பெயர், நம்பரோடு பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

காணாமல் போனது தெரிந்த உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். டெக்சாஸில் தனி நபருக்கு இது கட்டாயமில்லை. நியூயார்க்கில் 24 மணி நேரம், நியூஜெர்சியில் 36 மணி நேரம் என்று கெடு உண்டு. கட்டாயமோ இல்லையோ, நாளைக்கு அது ஒரு குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தால், உங்கள் புகார் எண்தான் உங்களுக்காகப் பேசும்.

கடைசியாக, ஊருக்குக் கிளம்பும்போது. பயிற்சி மையத்துக்கு எடுத்துப் போகும் பையை விமானத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். இந்திய விமான நிலையத்தில் ஒரே ஒரு தோட்டா பையில் சிக்கினாலும் ஆயுதச் சட்ட வழக்குக்கு அது போதும், மறந்துவிட்டேன் என்பதை வக்கீல் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எடுத்து வரும் பை எதுவானாலும், கிளம்பும் முன் கட்டிலில் வெள்ளை விரிப்பு போட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். ஒவ்வொரு சிறு பையிலும், தையல் ஓரத்திலும் விரலை விட்டுப் பாருங்கள். போன முறை என் மகனின் பள்ளிப் பையில், பென்சில் வைக்கும் இடத்தின் அடியில் ஒன்று இருந்தது. என்றைக்கோ ஒருநாள் அந்தப் பையை நான் இரவல் எடுத்துப் போயிருந்தேன்.